ஒன்றிலிருந்து இரண்டு வரை

விர்ரபில்லா ஆஸ்பத்திரியில் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை எவருக்கும் உடம்பு மோசமாவதில்லை. காலையில் ஆகும், மாலையில் ஆகும், தேநீர் வேளையில் தாராளமாக ஆகும். அந்த ஒரு மணி நேரம் மட்டும், நாற்பது கட்டிலிலும் படுத்திருப்பவர்கள் எமனோடு ஏதோ ஒப்பந்தம் போட்டுக்கொண்ட மாதிரி அசையாமல் கிடப்பார்கள்.

காரணம் மிஸ்டர் பெண்ட்ரிக். அறுவை மருத்துவர். அவரை டாக்டர் என்று கூப்பிட்டால் போச்சு. அந்த நாட்டில் கத்தி பிடிக்கிறவர்கள் மிஸ்டர்தான். ஊரில் பாதிப் பேருடைய வயிற்றைத் திறந்து மூடியவர். மீதிப் பாதிப் பேரை அழவைத்தவர். கோல்ஃப் மைதானத்தில் ஒன்பதாவது குழி அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், தூக்க வந்தவர்களைப் பார்த்து, "ஸ்ட்ரெச்சர இப்படியாடா பிடிப்பாங்க, மடப்பசங்களா?" என்று முழு வசவையும் முடித்துவிட்டுத்தான் உயிரை விட்டார் என்பார்கள். அது நடந்து பதினொரு வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

வாசலில் மிளகு மரத்தடியில் அவர் கார் நிறுத்தும் இடம் காலியாகவே கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் நிழல் என்று இருப்பது அந்த ஒரே இடம். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், நிறைமாதப் பெண்கள்கூடக் கோதுமைச் சேமிப்புக் கோபுரத்தடியில் காரை நிறுத்திவிட்டு அரை மைல் நடந்து வருவார்களே தவிர, அங்கே நிறுத்த மாட்டார்கள். விஷயம் தெரியாத ஒரு வெளியூர்க்காரன் ஒருமுறை நிறுத்தினான். திரும்பி வந்து பார்த்தால் ஊரிலுள்ள நானூறு இளஞ்சிவப்புக் கிளிகளும் வரிசையில் நின்று அந்த வண்டிமேலேயே காரியத்தை முடித்திருந்தன. வண்டியின் நிறம் என்னவென்று அவனுக்கே மறந்துபோனது.

தேநீர் அறையில், பெரிய ஆற்றுமீன் படம் போட்ட அவருடைய கோப்பை இன்னும் ஆணியில் தொங்கியது. தேநீர் வண்டி தள்ளும் பெவ் தினமும் காலையில் அதைக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டுவாள்.

ஒரு மணி விஷயம் இதுதான். பெண்ட்ரிக் ஒரு மணிக்கு நடைக்கூடத்தின் கோடியிலுள்ள அறைக்குப் போய், ஆறின ஆட்டுக்கறி வைத்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு இரண்டு மணி வரை தூங்குவார். அதற்குள் யாரும் போன் போடக் கூடாது. இப்போது அந்த அறையில் போர்வைகளும் தலையணை உறைகளும்தான் இருக்கின்றன. ஆனாலும் யாரும் போன் போடுவதில்லை. புது நர்ஸ்களுக்கு இதை எவரும் சொல்லித் தருவதுமில்லை. அந்த நேரத்தில் யார் கையாவது போனை நோக்கி நீண்டால், வார்டிலுள்ள மற்ற எல்லாக் கண்களும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும். அவ்வளவுதான். கை தானாகத் திரும்பிவிடும்.

அப்புறம் அந்தச் சத்தம். தினமும் ஒரு மணிக்கு நடைக்கூடத்தில் பூட்ஸ் சத்தம் கேட்கும். டக், டக், டக். கோடி அறை வரை போகும். கதவு கிளிக்கென்று மூடும். சுத்த வெயிலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, நடைக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. பழக்கப்பட்ட நர்ஸ்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

தலைமை நர்ஸ் நோரீன் டக்வெல் மட்டும் அந்த நேரத்தில் கையில் என்ன வேலை இருந்தாலும் நிறுத்திவிடுவாள். அவளுக்கு அறுபது வயது, முப்பத்தாறு வருஷ சர்வீஸ். அவளுக்கு பூட்ஸ் சத்தம் பெரிதல்ல. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு காலடி வரும். மெத்தென்று, கம்பளியைத் தரையில் இழுக்கிற மாதிரி. சர்... சர்... அது அறைக்குப் போகாது. அவள் மேஜையருகே வந்து நிற்கும். இரண்டு மணி வரை நிற்கும். வேறு யாருக்கும் அது கேட்பதாகத் தெரியவில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அரசாங்கத்தின் சீர்திருத்தம் வந்து சேர்ந்தது, ஒரு பொத்தான் வடிவத்தில்.

ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் சிவப்பாக, முட்டை அளவில் ஒன்று. நோயாளியின் நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ கட்டிலில் மாட்டிய அட்டையிலுள்ள சிவப்புக் கட்டத்துக்குள் போனால் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நர்ஸ், பெருக்குகிறவர், பார்க்க வந்த மாமியார், யாரானாலும் சரி. ஐந்து நிமிஷத்தில் டாக்டர் வந்தாக வேண்டும், ஏன் கூப்பிட்டாய் என்று கேட்கக் கூடாது. வட்டார அலுவலகத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவள் சினா ஃபோனோட்டி. சமோவாத் தீவுக் குடும்பம், சிட்னியில் வளர்ந்தவள். அவள் சிரித்தால் பக்கத்து வார்டில் தையல் பிரியும். பயிற்சி நடத்தினாள், சுவரொட்டி ஒட்டினாள், பொத்தான் வடிவத்திலேயே கேக் செய்து வெட்டினாள். எல்லோரும் கேக்கைத் தின்றார்கள்.

மூன்று மாதத்தில் பொத்தான் மூன்று முறை ஒலித்தது. ஒருமுறை ஒரு குழந்தை அழுத்தியது. ஒருமுறை பெவ் துணியால் துடைக்கும்போது. மூன்றாவது முறை ஒரு ஈ வந்து மோதியதால் என்று சொல்லப்பட்டது. விர்ரபில்லா ஈயைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள்.

சினா ஒரு காகிதத்தோடு தேநீர் அறைக்கு வந்தாள். நோரீன் உட்கார்ந்திருந்தாள். பெவ் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நோரீன், ஒரு வேடிக்கை பாருங்க. மூணு வருஷமா இந்த வார்டுலேருந்து டாக்டருக்குப் போன போனெல்லாம் மணி வாரியாப் போட்டிருக்கேன். இங்க பாருங்க, ஒரு மணிக்குப் பெரிய பள்ளம். ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுகூட!"

"அது சாப்பாட்டு நேரம் கண்ணு," என்றாள் பெவ். "நோயாளிங்களும் மனுஷங்கதான? தின்னுட்டுச் சாவலாம்னு இருப்பாங்க."

"சரி பெவ், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு அடிச்சதும் பாருங்க. ரெண்டுலேருந்து ரெண்டு பத்துக்குள்ள, இந்த வட்டாரத்துலயே அதிகமான போன் இங்கேருந்துதான். எல்லாரும் மணியடிச்சாப்புல சேர்ந்து விழறாங்களா?"

"செரிமானக் கோளாறு," என்றாள் பெவ்.

சினா சிரித்துவிட்டாள். நோரீன் சிரிக்கவில்லை. "போன் பண்ணக்கூடாதுன்னு நான் யாருக்கும் சொன்னதில்ல" என்றாள்.

"நீங்க சொல்லலன்னு தெரியும். யாரு சொன்னாங்கன்னு கேட்டா எல்லாரும் கடிகாரத்தப் பாக்கறாங்க." சினா காகிதத்தை மடித்தாள். "மாசக் கடைசில பொத்தானையெல்லாம் கழட்டிடுவாங்க நோரீன். இந்த ஊருக்குத் தேவையில்லன்னு எழுதிட்டு வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் பள்ளத்துக்குள்ள யாரோ இருக்காங்க. எண்ணிக்கை தெரியல, அவ்வளவுதான்."

"கழட்டிட்டுப் போகட்டும் விடு. எனக்குத் தொடைக்க ஒரு சாமான் கொறையும்," என்றாள் பெவ்.

நோரீனுக்கு எண்ணிக்கை முழுதாகத் தெரியாது. ஒன்று தெரியும். அதன் பெயர் லெஸ் கோட்டரில்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நோரீன் ஒரு கிழவருக்கு வயிற்றுவலி என்று ஒன்றேகால் மணிக்குப் பெண்ட்ரிக்கை எழுப்பியிருந்தாள். அவர் கழுத்தில் செருகிய கைத்துண்டோடு வந்தார். கிழவரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். வார்டு முழுக்கக் கேட்கும்படி கிழவரிடமிருந்து காற்றுப் பிரிந்தது. "சாவுக்கும் வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியக் கட்டி மாரடிக்கறேன்" என்றவர், பாதி தின்ற சாண்ட்விச்சைக் கொண்டுவரச் சொல்லி, அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இருபது நோயாளிகள், ஐந்து நர்ஸ்கள் பார்த்திருக்க, "மன்னிச்சுக்கோங்க" என்று ஆட்டுக்கறி சாண்ட்விச்சிடம் நோரீன் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார்.

லெஸ் கோட்டரில் ஆட்டுரோமம் கத்தரிக்கிறவர். குடலிறக்கத்துக்கு அறுவை ஆகிப் படுத்திருந்தார். கத்தரிக்கும் கொட்டகையில் போடுகிற மெத்தென்ற கம்பளிச் செருப்பைத்தான் ஆஸ்பத்திரியிலும் போடுவேன் என்று அடம் பிடித்தார். ஒன்று இருபதுக்கு, "சிஸ்டர், வயிறு கல்லாட்டம் இருக்கு" என்றார். ரத்த அழுத்தம் பார்த்தாள். குறைந்திருந்தது. போனருகே போனாள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். லெஸ்ஸும் பார்த்தார்.

"பரவால்ல சிஸ்டர்," என்றார். "அவரு சாப்புடட்டும். நான் காத்திருக்கேன்."

சரியாக இரண்டு மணிக்குப் போன் போட்டாள். இரண்டரைக்கு லெஸ் இறந்தார். அட்டையில், 'நிலைமை மோசமானது கவனிக்கப்பட்ட நேரம்' என்ற இடத்தில் நோரீன் '2:00' என்று எழுதினாள். அழகான கையெழுத்து. எவரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. பொத்தான்களைக் கழற்ற வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக இருந்தது.

நான்காவது கட்டிலில் பெவ் படுத்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும் அறுவை மருத்துவர் திங்கட்கிழமை அவளுடைய பித்தப்பையை எடுத்திருந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களுக்குத் தேநீர் கொடுத்தவள் இப்போது வாங்கிக் குடிக்க வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரிக்கே அன்று விமோசனம் இல்லை.

"இது டீயா, ஆட்டக் கழுவுன தண்ணியா?" காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தாள். "நோரீன், இந்தப் புதுப் பொண்ணு கொதிக்காத தண்ணிய ஊத்தறாடி. இவளுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? பித்தப்பை போனா நாக்கும் போயிடும்னு நெனச்சாளா?" பதினொரு மணிக்குள் எட்டுக் கோப்பைகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒன்பதாவதை முகர்ந்து பார்த்தே திருப்பினாள்.

மணி ஒன்றானது. டக், டக், டக். கோடி அறைக் கதவு கிளிக். பின்னால் அந்த மெத்தென்ற காலடி. சர்... சர்... நோரீனின் மேஜையருகே வந்து நின்றது.

ஒன்று பத்து இருக்கும். வார்டில் ஏதோ குறைகிறது என்று நோரீனுக்குத் தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. பெவ் ஐந்து நிமிஷமாகத் தேநீரைத் திட்டவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பெவ்வின் முகம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை.

"தோள்பட்ட குத்துதுடி," என்றாள் பெவ். "படுத்த வாக்குதான் சரியில்ல போல."

அழுத்தம் எண்பது. நாடி நூற்று முப்பது. அட்டையில் சிவப்புக் கட்டம். நோரீன் அங்கே குறித்த புள்ளி தனியாக நின்றது. கூட இருந்த இரண்டு நர்ஸ்களும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றாகக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நோரீனும் பார்த்தாள். கழுத்து தானாகத் திரும்பியது. மணி ஒன்று பன்னிரண்டு.

தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில், முட்டை அளவில் அது இருந்தது. நோரீனின் கை தூக்கியபடி நின்றது.

"ஏண்டி, ரெண்டு ஆகட்டுமே," என்றாள் பெவ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல. அந்த மனுஷன் இப்பதான படுத்திருப்பாரு. எனக்காக எதுக்கு எழுப்பற? நான் காத்திருக்கேன்."

செத்துப் பதினொரு வருஷமான மனுஷனின் தூக்கத்துக்காகத் தன் உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கத் தயாராக இருந்தாள், அவருடைய கோப்பையைத் தினமும் கழுவியவள்.

மேஜையருகே நின்ற காலடி அசைந்தது. சர்... சர்... நோரீனுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆட்டுரோமப் பிசுக்கின் வாசனை, பச்சையாக, கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி. அவள் திரும்பவில்லை. திரும்பினால் லெஸ் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவேண்டியதை அன்றைக்கே சொல்லிவிட்டார். அப்போதிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார்.

நோரீன் பொத்தானை அழுத்தினாள். உள்ளங்கையால், சுவரே உள்ளே போகும்படி.

மணி அலறியது. விர்ரபில்லாவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. சேமிப்புக் கோபுரத்துக் கோதுமை ஒவ்வொன்றும் விழித்துக்கொண்டிருக்கும். அந்த அலறலுக்கு நடுவே, வார்டிலிருந்த எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது: கோடி அறைக் கதவு படாரென்று திறந்தது. பூட்ஸ். நடை இல்லை, ஓட்டம். டக்டக்டக்டக். இந்தப் பக்கமாக. ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். இன்னொருத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நோரீன் கட்டிலுக்கு முன்னால் வந்து, கதவைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க," என்றாள். "இந்தத் தடவ மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

பூட்ஸ் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் சட்டென்று நின்றது. கதவு திறந்தது.

டாக்டர் ஃபெமி. நைஜீரியாவிலிருந்து வந்து இரண்டு வருஷமான பகல் டாக்டர். ஒரு கன்னத்தில் சாண்ட்விச் உப்பியிருந்தது. காலில் ரப்பர்ச் செருப்பு. அது போட்டு நடந்தால் பூனைக்குக்கூடக் கேட்காது.

"ஒரு மணிக்கு இங்க மனுஷங்க இருக்கீங்களா?" விழுங்கிக்கொண்டே கட்டிலுக்குப் பாய்ந்தார். "ரெண்டு வருஷமா இந்த நேரத்துல ஒத்தையா உக்காந்து சீட்டாடிட்டிருக்கேன்! உங்களுக்கெல்லாம் என்னப் பிடிக்கலன்னு நெனச்சுட்டிருந்தேன்." பெவ்வின் வயிற்றில் கை வைத்ததும் அவர் பேச்சு நின்றது. "உள்ள ரத்தம் போகுது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க. நேத்து ஆபரேஷன் பண்ணின டாக்டரம்மா இன்னும் ஊருக்குக் கிளம்பல, ஓடுங்க!"

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பெவ் நோரீனின் விரலைப் பிடித்திருந்தாள்.

"அந்தக் கோப்பைய இன்னிக்குக் கழுவல நோரீன்..."

"வாய மூடிக்கிட்டு போடி. நீ வந்து ஒடச்சுப் போடு."

மூன்றரைக்கு ஃபெமி வந்து சொன்னார். உள்ளே போட்ட பிடிப்பான் நழுவி ரத்தம் கசிந்திருக்கிறது. கட்டிவிட்டார்கள். இரண்டு மணிவரை பொறுத்திருந்தால் கட்டுவதற்குப் பெவ் உயிரோடு இருந்திருக்க மாட்டாள். மயக்கம் தெளிந்ததும் பெவ் கேட்ட முதல் கேள்வி, வாயை நனைக்க வைத்த பஞ்சில் இருப்பது அந்தப் பெண் போட்ட தேநீரா என்பது.

சினா ஓட்டமாக வந்தாள், கையில் படிவம். "முதல் தடவ நோரீன்! நெசமான முதல் தடவ! வெள்ளிக்கிழம வரவன அப்படியே திருப்பி அனுப்பறேன் பாருங்க." உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "எத்தன மணிக்குக் கவனிச்சீங்க?"

"ஒண்ணு பத்து."

"பொத்தான் அழுத்தினது?"

"ஒண்ணு பதினாலு."

"நடுவுல நாலு நிமிஷம் என்ன பண்ணீங்க? அழுத்தம், நாடி பாத்ததுன்னு போட்டுடவா?"

"அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். மிச்சம் ரெண்டு நிமிஷம் கடிகாரத்தப் பாத்துட்டு நின்னேன். அப்படியே எழுது."

சினாவின் பேனா நின்றது. நோரீனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"இன்னொரு படிவம் குடு," என்றாள் நோரீன்.

"இன்னிக்கு வேற யாராவதா?"

"இன்னிக்கு இல்ல. பத்தொம்பது வருஷம் ஆச்சு."

சினாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. நோரீன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தணிந்த குரலில், "இத அனுப்பினா விசாரணை வரும். உங்க பதிவையே ரத்து பண்ணலாம். ஓய்வு பெற இன்னும் அஞ்சு மாசந்தான இருக்கு?" என்றாள்.

"தெரியும். அந்தப் பள்ளத்துல யாரோ இருக்காங்கன்னு சொன்னியே. ஒருத்தர் பேரு எனக்குத் தெரியும்."

அவளே எழுதினாள். லெஸ்லி கோட்டரில். ஏழாவது கட்டில். நிலைமை மோசமானது கவனிக்கப்பட்ட நேரம்: 1:20. கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அன்று அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள்.

வீட்டுக்குப் போகுமுன் நாற்காலி மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கோடியிலுள்ள போர்வை அறையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு, "இனிமே மணிய நீங்களே பாத்துக்கோங்க" என்று காலி அறையிடம் சொன்னாள்.

மறுநாள் ஒரு மணிக்குப் பூட்ஸ் வந்தது. கதவு கிளிக்கென்று மூடியது. ஒன்று இருபதுக்கு, பதினோராவது கட்டில்காரருக்கு மூச்சு இளைப்பதாக ஓர் இளம் நர்ஸ் போனருகே போனாள். எல்லோர் கண்களும் சுவரில் ஏறின. அங்கே கடிகாரம் இருந்த இடத்தில் வெளுத்த வட்டம்தான் இருந்தது. அதையே எல்லோரும் பார்த்தார்கள். அந்த வெற்று வட்டத்திலும் அவர்களுக்கு மணி தெரிந்தது. நர்ஸின் கை பாதியில் நின்றது.

"போடு," என்றாள் நோரீன்.

அவள் போட்டாள். கோடி அறையில், போர்வைகளுக்கு நடுவே, தூக்கம் கெட்ட யாரோ ஒருவர் சலித்துக்கொண்டு புரண்டு படுப்பது நடைக்கூடம் முழுக்கக் கேட்டது.

கம்பளிக் காலடி மட்டும் வரவில்லை. நோரீன் மேஜையருகே அவருக்கு இடம் விட்டு நாற்காலியைச் சற்று ஒதுக்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி வரை காத்திருந்தாள்.